‘யுக்திய’வும் நிரம்பி வழியும் சிறைகளும்

2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ போதைப்பொருள் வேட்டையில் பல்லாயிரம் பேர் கைதாகினர். சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதிலும் அதிகம் அகப்பட்டவர்கள் வறியவர்களே. இடவசதியை விட இருமடங்குக்கும் மேல் கைதிகள் அடைபட்டிருந்த சிறைகளுக்குள் இவர்களும் திணிக்கப்பட்டனர். அப்படியொரு நெரிசலில், கொரோனா அச்சத்தோடு 2020 நவம்பரில் கொந்தளித்த மஹர சிறையில் 11 கைதிகள் உயிரிழந்தனர்.

போர்த்துக்கல் 2001இல் சட்டத்தை மாற்றியது. விற்பவர் அங்கு இன்றும் குற்றவாளிதான். சொந்தப் பாவனைக்குப் பத்து நாளுக்குரிய அளவுவரை வைத்திருப்பவரோ நீதிமன்றத்துக்கல்ல, சட்டம், சுகாதாரம், சமூகப்பணி தெரிந்தவர்களின் குழுவுக்கு முன் செல்கிறார். இங்கே, மகன் அடிமையாகிவிட்டான் என்று அறிந்த தாய் வாய்திறக்கவே அஞ்சுகிறாள்; உதவி கேட்டால் விலங்கோடு வந்து நிற்பார்களோ என்று.