வானலைக்கு வேலி, திறவுகோல் தில்லியில்!

நிலத்துக்கு எல்லையுண்டு, நீருக்குக் கரையுண்டு, வானலைக்கு இரண்டும் இல்லை. நாகைக் கடற்கரையிலிருந்து எழும் ஓரலை, கடவுச்சீட்டுக் கேட்பாரின்றிக் கடல் கடந்து சாவகத்திலும் சப்பானிலும் செவியில் விழும். வானின் உயரத்தே மின்னூட்டம் பெற்ற காற்றுப் படலம், சிற்றலைகளைத் திருப்பி நிலத்துக்கே அனுப்புவதால் நிகழும் விந்தை இது. ஒரு சிறு விளக்கு எரிவதற்கான மின்னாற்றலைக் கொண்டு, ஒரு மாந்தன் உலகின் மறுகோடியில் இருக்கும் மற்றொரு மாந்தனோடு உரையாட இயலும். இவ்வாறு பொருளீட்டும் நோக்கமின்றி, அறிவு வேட்கை ஒன்றே பற்றுக்கோடாகத் தாமே அலைபரப்பி அமைத்துப் பேசுவோரின் முயற்சியே ஆர்வலர் வானொலி.

இம்முயற்சிக்கு ஒழுங்கு வேண்டாவோ எனின், வேண்டும். ஒரே அலைவெண்ணில் இருவர் ஒருங்கே பேசின் இருவர் பேச்சும் கெடும். வானூர்திக்கும் கப்பலுக்கும் ஒதுக்கப்பெற்ற அலைவெண்ணில் ஒருவன் விளையாட்டாகப் புகின் உயிர்களே அழியக்கூடும். ஆகவேதான் உலக நாடுகள் கூடி ஆர்வலர்க்கெனத் தனி அலைவரிசைகளை ஒதுக்கின. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்த அழைப்புக்குறி வகுத்தன. பொருள் புரியாவண்ணம் மறைமொழியில் பேசலாகாது என்றும், வணிகம் கலக்கலாகாது என்றும் வரையறுத்தன. இவற்றை மறுப்பார் எவருமிலர். ஆனால் நெறிப்படுத்தல் வேறு, நெரித்தல் வேறு. ஆற்றுக்குக் கரை கட்டுவது நெறிப்படுத்தல். ஊற்றுக்கண்ணையே கல்லிட்டு அடைப்பது நெரித்தல். இந்திய ஆட்சி நூறாண்டுக்கு மேலாகச் செய்து வந்தது இவற்றுள் எது என்பதே வினா.

பிறக்குமுன் பூட்டிய விலங்கு

வானலை என்று ஒன்று உண்டு என எர்ட்சு என்னும் செருமானிய அறிஞர் ஆய்வால் மெய்ப்பித்தது 1887, 1888-ஆம் ஆண்டுகளில். இந்தியத் தந்திச் சட்டத்தை ஆங்கிலேயன் இயற்றியதோ 1885-இல். கம்பிவழிச் செய்திக்கென எழுந்த அச்சட்டம், செய்தி விடுக்கும் தனியுரிமை அரசுக்கே உரியது என்றது. பின்னர்க் கம்பியில்லாச் செய்திக்கும் அதன் பிடி நீண்டது. பிள்ளை பிறக்குமுன்னரே அதன் காலுக்கு விலங்கு காய்ச்சி வைத்தது போன்றது அது! அதுவும் போதாதென்று 1933-இல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. உரிமமின்றிக் கருவியை இயக்குதல் மட்டுமன்று, வைத்திருத்தலே குற்றம் என்றது அது. வீட்டு மாடத்தில் பாட்டுக் கேட்க ஒரு வானொலிப் பெட்டி வைத்திருந்த ஏழையும் ஆண்டுதோறும் அஞ்சலகம் சென்று உரிமப் பணம் கட்டிய நிலை 1980-கள் வரை நீடித்ததை முதியோர் மறந்திரார்.

இத்தனைக்கும் இந்நிலத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியது அரசன்று, ஆர்வலரே! சி.வி. கிருட்டிணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. அவ்வாண்டு சூலை 31-இல் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று தில்லிக்கு அனைத்திந்திய வானொலி என்றொன்று இல்லை. சென்னைக்கு வானொலி இருந்தது. பொருள் முடையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தன் தோளில் ஏற்றது. 1938 சூன் 16-இல் அனைத்திந்திய வானொலி சென்னையில் நிலையம் கண்டது. மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுற்றது. மக்கள் கையிலிருந்து நகர மன்றத்தின் கைக்கு, நகர மன்றத்தின் கையிலிருந்து தில்லியின் கைக்கு என, பதினான்கே ஆண்டுகளில் தமிழகத்தின் குரல் மூன்று கை மாறியது. 1950-களில் அதன்மேல் ‘ஆகாசவாணி’ என்னும் வடசொற் பெயரும் ஏற்றப்பட்டது. மக்கள் நாவில் நின்று நிலைத்ததோ ‘வானொலி’ என்னும் தூய தமிழ்ப்பெயரே.

கைமாறிய திறவுகோல்

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-இல் ஆர்வலர் உரிமங்களை ஆங்கிலேயன் பறித்தான். அப்போர்க் காலத்திலேயே, 1942 ஆகத்து 27-இல், மும்பையில் உசா மேத்தாவும் அவர்தம் தோழரும் மறைவிடத்தில் அலைபரப்பி அமைத்துப் பேராயக் கட்சி வானொலியை இயக்கினர். இடம் மாற்றி இடம் மாற்றி ஒலித்த அக்குரல், நவம்பர் 12-இல் அவர்கள் சிறைப்படும் வரை ஓயவில்லை. உசா மேத்தா பெற்ற ஒறுப்பு நான்காண்டுச் சிறை. உரிமமின்றிப் பேசிய அக்குரலை விடுதலைக் குரல் என்று பின்னாளில் தில்லி போற்றியது; முறையே. ஆனால் எந்தச் சட்டங்கள் அக்குரலைக் குற்றமென்றனவோ அச்சட்டங்களை விடுதலை பெற்ற இந்தியா கிழித்தெறிந்ததா? இல்லை. விலங்கு உடையவில்லை, அதன் திறவுகோல் கைமாறியது, அவ்வளவே.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, ஒன்றியப் பட்டியலின் 31-ஆம் இனமாக அஞ்சல், தந்தி, தொலைப்பேசி, கம்பியில்லாச் செய்தி, ஒலிபரப்பு ஆகிய அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி நடுவணரசிடம் கொடுத்தது. அக்கட்டின்மேல் எழுந்தவையே ஆர்வலர் வானொலிக்கான 1978-ஆம் ஆண்டு நெறிமுறைகள். தேர்வெழுதித் தேறிய பின்னும், காவல்துறை உசாவலும் உள்துறை ஒப்புதலும் கடந்து உரிமம் கைக்கு வருமுன் மாதங்கள் பல, சில வேளை ஆண்டுகளே, கழிந்ததைப் பழைய ஆர்வலர் அறிவர். 1980-களில் கருவிகளுக்கான சுங்கத் தீர்வை தளர்ந்தது. அன்றைய தலைமையமைச்சர் இராசீவ் காந்தி தாமே உரிமம் பெற்ற ஆர்வலர். நன்மைதான், ஆயினும் ஆள்வோரின் பொழுதுபோக்கைப் பொறுத்துக் கிடைப்பது சலுகையாமே அன்றி உரிமையாகுமோ?

வானலை மக்களின் பொதுவுடைமை என்று 1995-இல் உச்ச நயன்மன்றம் தெளிவாகத் தீர்ப்புரைத்தது. 1885, 1933-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றியது. அதுவோ, மக்கள் சார்பில் வானலைக்கு உரிமையாளர் நடுவணரசே என்று எழுதிக்கொண்டது. எந்த மக்கள்? பல மொழியினங்கள் வாழும் பரப்பில், ஓர் இனத்தின் தலைக்குமேல் உள்ள வானலையைப் பற்றி முடிவு செய்ய அவ்வினம் தேர்ந்தெடுத்த மாநில அரசுக்கு ஒரு சொல் உரிமையேனும் உண்டா? இல்லை. பழைய சட்டத்தின் பெயர் மாறியது. பேரரசு மனம் மாறவில்லை.

ஆழிப்பேரலை கற்பித்த பாடம்

இது வெறும் ஏட்டுச் சொற்போர் அன்று, உயிர்ச் செய்தி. அந்தமான் தீவுகளிலிருந்து ஆர்வலர் அலைபரப்பப் பல ஆண்டுகளாக இசைவு கிடைக்கவில்லை. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு குழுவுக்கு அவ்விசைவு கிட்டிற்று. அன்று போர்ட்டு பிளேயர் எனப்பட்ட தலைநகரில் அக்குழுவினர் தங்கியிருந்தபோதுதான் திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை பொங்கிற்று. தொலைப்பேசி இணைப்புகள் அறுந்தன. விளையாட்டுக் கருவியென எண்ணப்பட்ட சிற்றலைக் கருவியே அத்தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் பாலமாயிற்று. இன்னார் உயிரோடுளர் என்னும் ஒரு சொல்லுக்காகத் தவம் கிடந்த குடும்பங்களுக்கு அச்சொல்லைச் சுமந்து சென்றது ஆர்வலரின் அலையே. அந்தமானில் தமிழ்க் குடும்பங்களும் பலவாக வாழ்கின்றன என்பது ஈண்டு நினையத்தக்கது.

அவ்விசைவு ஒரு மாதம் பிந்தியிருப்பின் என்னாகியிருக்கும்? மக்களின் உயிர்க்காப்பு, அலுவலக மேசையில் ஒரு தாள் நகர்ந்த விரைவைப் பொறுத்து நின்றது. அதே நாளில் நாகைக் கடற்கரையும் ஆயிரக்கணக்கில் பிணக்காடாயிற்று. நாகை முதல் குமரி வரை கடலோர ஊர்கள்தொறும் தேர்ந்த ஆர்வலர் ஒருவரேனும் கருவியோடு இருப்பது காப்புக்கு மாறானதா? அதுவே காப்பு அன்றோ!

மொழிக்கும் வேண்டும் இடம்

பேச்சு வெளிப்படையான மொழியில் இருத்தல் வேண்டும் என்பதே நெறி. அம்மொழி ஆங்கிலமாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதன்று. தமிழில் பேசத் தடையில்லை. ஆயின் வாயிலிலேயே தடை நிற்கிறது. வேண்டுகைத் தாளும் தமிழில் இல்லை, வினாத்தாளும் தமிழில் இல்லை. மின்சுற்றைக் கையால் கட்டத் தெரிந்த சிற்றூர் இளைஞன், ஆங்கிலச் சொற்றொடர் புரியாமையால் தோற்பது அறிவியல் தேர்வா, மொழித் தேர்வா?

தமிழில் இயலாது என்பார்க்குச் சப்பானியரே விடை. அவர்கள் தம் எழுத்துகளுக்கே மோர்சுக் குறிகள் வகுத்துக்கொண்டனர். உருசியரும் அவ்வாறே செய்தனர். தமிழுக்கு என்ன குறை? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 குறிகள் போதும். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து ஒலித்தால் உயிர்மெய் தானே பிறக்கும். புள்ளியும் கோடுமாக நான்கு இடங்களுக்குள் 30 குறிகள் அமையும். ஐந்தாம் இடம் சேர்ப்பின் 62 அமையும். தொல்காப்பியர் வகுத்த எழுத்துமுறை, இத்துணை நூற்றாண்டு கழித்து வந்த நுட்பத்துக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது.

ஆகவே கேட்க வேண்டுவன தெளிவு. நாடுகளுக்கிடையே அலைவெண் பங்கிடும் பணி நடுவணரசிடம் இருந்துவிட்டுப் போகட்டும்; தேர்வு நடத்தலும் உரிமம் வழங்கலும் மாநிலத்துக்கு வருதல் வேண்டும். தேர்வும் கையேடும் தமிழில் அமைதல் வேண்டும். வேண்டுகைக்கு நாள்வரையறை வேண்டும். மறுப்பின் கரணியம் எழுத்தில் தரப்படல் வேண்டும். கடலோரப் பள்ளிகள்தொறும் ஆர்வலர் வானொலிக் கழகம் எழுதல் வேண்டும்.

அதுவரை தமிழிளைஞர் கைகட்டி நிற்றல் வேண்டா. இருக்கும் தேர்வையும் எழுதி வெல்க. பெற்ற உரிமத்தைக் கொண்டு தமிழிலேயே பேசுக. அலைபரப்பி, ஏற்பி, அலைவெண், உணர்கொம்பு என ஒவ்வொரு கருவியையும் தமிழ்ப் பெயரிட்டு அழைக்க. தமிழ் மோர்சுக் குறியை வகுத்துப் பழகுக. நிலத்தில் வேலியிட்டவன் நிலத்தைத்தான் மறித்தான். வானில் தமிழ் ஒலிக்கத் தொடங்கின், எந்த வேலி அதனை மறிக்கும்?