ஒரு பூனைக்குட்டிக்கு இத்தனை கேள்வியா?



நோன்பு லீவு விட்டதும் நம்ம ஊர் வட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி கூடிவிடும்: "புள்ளைகளுக்கு விளையாட ஒரு பூனைக்குட்டி இருக்கா?" பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கிக் கொஞ்ச நாளில் மீன் சந்தைக்குப் பின்னாலும் பள்ளிவாசல் மதிலோரத்திலும் அரைவாசி வளர்ந்த பூனைகள் கூடிவிடும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

தெருவில் போடப்பட்ட குட்டிகளைச் சில வாரங்கள் தம் வீட்டில் வைத்துப் பராமரித்து, நல்ல இடம் பார்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் நம்மவர்கள் சொல்லும் குறை இது: "கலியாணம் பேசுற மாதிரி விசாரிக்கிறாங்க. கிணத்துக்கு மூடி இருக்கா, பகல்ல வீட்டுல யாரு, ஊருக்குப் போனா சாப்பாடு வைக்கிறது யாரு, கருத்தடை செய்வீங்களா... சும்மா தாற பூனைக்கு இவ்வளவு கேள்வியா?"

கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் தருவது பொம்மை இல்லை, அமானிதம்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் யோசியுங்கள். தாயில்லாத சின்னக் குட்டிக்கு இரவிலும் எழும்பிப் பால் கொடுக்க வேண்டும். அதுவும் பசுப்பால் சரிவராது, வயிற்றோட்டம் வந்து செத்துப் போகலாம். 8 வாரம் வரை கூடப்பிறந்த குட்டிகளோடு விட்டால்தான் எவ்வளவு கடித்தால் மற்றதுக்கு நோகும் என்று விளையாட்டிலேயே படிக்கும். மனிதக் கைக்கும் வீட்டுச் சத்தத்துக்கும் பழகுவதும் அந்த வாரங்களில்தான். அப்படி வளர்ந்த குட்டிதான் உங்கள் பிள்ளையின் மடியில் பயமில்லாமல் ஏறுகிறது.

ஆனால் வீடியோவில் துள்ளும் அதே குட்டி இரவு 3 மணிக்கும் துள்ளும். திரைச்சீலையில் ஏறும், காலைப் பிடித்துக் கடிக்கும். கையைக் காட்டி விளையாடாமல் நூலில் கட்டிய துணியைக் காட்டி விளையாடினால் கடி குறையும். முடியுமானால் இரண்டு குட்டிகளாக எடுங்கள், ஒன்றோடொன்று விளையாடிக் களைத்துவிடும். 4, 5 மாதத்திலேயே பெண் பூனை சினைப்படலாம். 9 வாரத்தில் குட்டி போடும். பிறகுதான் சாக்கும் சந்தையும்.

கருத்தடை பற்றி மார்க்க ரீதியாகச் சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். கேட்காமலே இருந்துவிட்டு, பிறந்த குட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எந்த ஆலிமும் அனுமதி தரமாட்டார்.

பூனையை அடைத்து வைத்ததால் நரகம் போன பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. "நாங்க கட்டி வைக்கல்லையே, திறந்துதானே விட்டோம்" என்று சிலர் சொல்வார்கள். ஆறு மாதம் சோறும் மீனும் வைத்து வளர்த்த பூனைக்கு வேட்டை பழக்கமில்லை, ஊர்ப் பூனைகள் அதைச் சேர்க்காது, வாகனத்துக்கு விலகவும் தெரியாது. அதைச் சந்தையில் விடுவதும் தின்ன வழியில்லாமல் செய்வதுதான்.

ஆகவே அந்தக் கேள்விகளுக்கு முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதில் தேடுங்கள். தடுப்பூசி, பூச்சி மருந்துச் செலவை யார் ஏற்பது, மிருக வைத்தியரிடம் யார் கொண்டுபோவது என்று பிள்ளைகளின் முன்னாலேயே பேசுங்கள். பதில் சரியாக வந்தால் பிஸ்மி சொல்லிக் குட்டியைக் கொண்டு வாருங்கள்.

வரவில்லையா? லீவுக்கு மட்டும்தான் பூனைக்குட்டி வேண்டுமா? அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த மாதம் மட்டும் நீங்களே ஒரு பராமரிப்பு வீடாக இருங்கள். அவர்களுக்கு எப்போதும் இடம் போதாது. பிள்ளைகளுக்கு விளையாட்டும் கிடைக்கும், லீவு முடிய அமானிதத்தை உரியவர் கையில் ஒப்படைக்கவும் பழகுவார்கள்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.