அந்தக் குதிரை நடனமாடவில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. குதிரை வைத்திருப்பவர்களும், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஜெயங்கொண்டம் பக்கத்து மாணவர் ஒருவர் தன் குதிரையின் வீடியோவைப் போட்டிருந்தார். தகரக் கொட்டகையில் கட்டியிருந்த குதிரை, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. பின்னணியில் சினிமாப் பாட்டு. நூற்றுக்கணக்கானோர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். நானும் இதயக்குறி ஒன்றைப் போட்டேன்.

அன்று இரவே எங்கள் உறவில் கால்நடை மருத்துவராக இருக்கும் மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அது டான்ஸ் இல்லை. ஒரே இடத்தில் கட்டிப்போட்டதால் வந்த கோளாறு. எத்தனை மணி நேரம் கட்டியிருக்கிறது, எவ்வளவு புல் போடுகிறார்கள் என்று அவரைக் கேளுங்கள்" என்றாள். கேட்டேன். திருமண ஊர்வலம் இல்லாத நாட்களில் நாள் முழுக்கக் கட்டுத்தறிதான். காலையில் ஒரு படி மக்காச்சோளம், மாலையில் தவிடு, நடுவில் கொஞ்சம் வைக்கோல். "நல்லாத்தான் சார் பார்த்துக்கிறேன், பிள்ளை மாதிரி" என்றார். பொய் சொல்லவில்லை. பாசம் இருந்தது, விவரம் இல்லை. எனக்கும் இல்லை என்பதால்தான் அந்த இதயக்குறி.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். இது நம் மண்ணில் 700 ஆண்டுப் பழைய கதை. கங்கைகொண்ட சோழபுரத்தின் பெருமை மங்கி, பாண்டியர் கை ஓங்கியிருந்த காலத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக நம் கடற்கரைக்கு வந்தன. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்களாம். கொழுக்கட்டும் என்று 40 நாள் கயிறும் முளையும் போட்டுக் கட்டிவைத்தார்களாம். சீக்கிரமே அவை வலுவிழந்து மந்தமாகிப் போயின என்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோவும், இங்கே குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள், கவனிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை சாகின்றன என்று எழுதினார். வெளியூர்க்காரர் எழுத்தில் கொஞ்சம் ஏளனமும் மிகையும் இருக்கலாம். ஆனால் இருவர் சொன்னதும் ஒன்றுதான்: பாசத்தோடு தவறான தீனி, ஓயாத கட்டு. நம் மாணவரின் கொட்டகையிலும் அதுவேதான்.

நாம் மாட்டைத் தெரிந்தவர்கள். குதிரையையும் கொம்பில்லாத மாடு என்று நினைத்துவிடுகிறோம். மாட்டின் வயிறு நான்கு அறை கொண்டது, நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அது மேய்ந்துவிட்டுப் படுத்து அசை போடும். குதிரையின் இரைப்பை சின்னது, பத்துப் பதினைந்து லிட்டர்தான். அதில் இரவும் பகலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் சுரக்கும். அதனால்தான் மேய்ச்சலில் இருக்கும் குதிரை ஒரு நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் மேய்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு வேளை தீனி போட்டு மீதி நேரம் வெறும் வாயோடு நிறுத்தினால் வயிறு புண்ணாகும். அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. வயிற்றுவலி வந்தால் உயிரே போகலாம்.

எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனம் தினமும் வேண்டும் என்பது கணக்கு. 350 கிலோ குதிரைக்கு ஐந்து முதல் ஏழு கிலோ காய்ந்த புல். பச்சையாகவே போட்டால், அதில் பெரும்பகுதி நீர் என்பதால், 25 முதல் 30 கிலோ. தானியம் இதற்கு மேல் கொஞ்சம்தான், வேலைக்குத் தக்கபடி.

நம் மாவட்டங்களுக்கென்றே சில எச்சரிக்கைகள். பெரம்பலூர், அரியலூர் என்றால் மக்காச்சோளம். 2018-இல் படைப்புழு வந்து நம்மைப் படுத்தியது மறந்திருக்காது. புழு துளைத்த கதிரிலும் மழையில் நனைந்த கதிரிலும் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். விலை போகாத அந்தச் சோளம் கடைசியில் கொட்டகைக்கு வரும். மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் அதில் உண்டாகும் ஃபியுமோனிசின் என்ற நஞ்சு குதிரையின் மூளையையே சிதைத்துவிடும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் குதிரைக்குக் காட்டவே காட்டாதீர்கள். நல்ல சோளமானாலும் அளவுக்கு மீறினால் குளம்பு வீங்கி நிற்க முடியாமல் போகும்.

வெறும் தவிடே போட்டால் உடலில் சுண்ணாம்புச் சத்து குறைந்து முக எலும்பு வீங்கும். ஆட்டுக்கு ஒடிக்கும் சூபாபுல் தழையைத் தொடர்ந்து போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். வேலியோர அரளி உயிரையே எடுக்கும். ஏற்றது எது என்பதைத் தமிழே சொல்லிவைத்திருக்கிறது: சுண்ணாம்புச் சத்து நிறைந்த ஒரு பயறுவகைத் தீவனத்துக்குக் குதிரை மசால் என்றே பெயர். புல்லோடு அதைக் கொஞ்சம் சேர்க்கலாம். ஊறவைத்த கொள்ளும் அளவோடு போதும். உப்புக்கட்டியும் எப்போதும் தண்ணீரும் இருக்க வேண்டும்.

இனி விளையாட்டுச் சாமான். குதிரைக்குப் பொம்மையா என்று சிரிக்காதீர்கள். சும்மா நிற்கும் குதிரை ஒன்று தலையை ஆட்டும், அல்லது கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும். அடித்தால் இது நிற்காது. தலையாட்டும் குதிரைகளின் லாயத்தில் கண்ணாடி மாட்டினால் ஆட்டம் வெகுவாகக் குறைகிறது என்று இங்கிலாந்தில் 2002-இல் வந்த ஆய்வு காட்டியது. துணை இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது போலும். நாம் கண்ணாடி தேட வேண்டாம், ஓர் ஆட்டைப் பக்கத்தில் கட்டலாம். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஓட்டை போட்டு, விளிம்பை வழவழப்பாக்கி, உள்ளே கொள்ளைப் போட்டால் நாள் முழுக்க உருட்டி உருட்டித் தின்னும். புல்லைச் சின்னக் கண் வலையில் கட்டி, குளம்பு மாட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் அதே தீனி கூடுதல் நேரம் வரும்.

ஆனால் ஒன்று. கயிற்றை அவிழ்க்காமல் பொம்மை மட்டும் வாங்கி மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். முதலில் புல், பிறகு அவிழ்த்துவிட இடம், பிறகு துணை. பொம்மை இவற்றுக்குப் பிறகுதான். நியாயமற்ற குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

புல்லுக்குச் செலவாகுமே சார் என்பீர்கள். ஆகும். ஊர்வலக் குதிரையை வைத்துப் பிழைப்பவருக்கு அது பெரிய செலவுதான். அதனால்தான் வாங்குவதற்கு முன் யோசிக்கச் சொல்கிறேன். ஐயனாருக்கு நாம் நேர்ந்துவிட்ட மண்குதிரைகள் வெயிலிலும் மழையிலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உயிருள்ள குதிரையும் அப்படி நிற்கலாம் என்று தோன்றிவிடுகிறது.

அந்த மாணவர் கிணற்றடியில் கால் ஏக்கருக்கு வேலி போட்டு, பகலில் அவிழ்த்துவிடுகிறார். மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டார். தலையாட்டம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. பழகிப்போனது எளிதில் போகாது என்கிறாள் மருமகள். அந்த வீடியோவை அவரே நீக்கிவிட்டார், நான் கேட்கவில்லை.

ஆடி மாதம் அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கிளம்புகிறவர்கள் நம்மில் உண்டு. பணத்தை எண்ணும் முன் உங்களிடமே கேளுங்கள்: தினமும் 25 கிலோ புல் எங்கிருந்து வரும்? அவிழ்த்துவிட இடம் உண்டா? துணைக்கு என்ன? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், நானே வந்து பார்க்கிறேன். இல்லையென்றால் இந்த ஆண்டு வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

தலையாட்டும் குதிரை வீடியோ இனி கண்ணில் பட்டால் இதயக்குறி போடாதீர்கள். போட்டவரைத் திட்டவும் வேண்டாம். "தம்பி, புல் எவ்வளவு போடுறீங்க?" என்று ஒரு வரி கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்