சுண்ணாம்புக் காரைத் தொழிலைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டடத் தொழிலாளர் மற்றும் சிறு வனப்பொருள் சேகரிப்போர் சங்கத்தினர்,
சோளக்காடு, கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாமக்கல்.

பொருள்: சுண்ணாம்புக் காரை வேலையை ஆவணப்படுத்துதல், பயிற்சி அளித்தல், பழங்கட்டடப் பணிகளுக்குக் கொல்லிமலைக் கடுக்காயை நேரடியாகக் கொள்முதல் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

மலையில் எங்கள் முன்னோர் குடியிருந்தவை மண்சுவர் வைத்துப் புல் வேய்ந்த வீடுகள். காரைக் கட்டடத்தோடு எங்களுக்கு உறவு ஏற்பட்டது கடுக்காயால்தான். சமவெளியில் கோயிலும் மாளிகையும், காரைத் தளக் கூரையிட்ட மெட்ராஸ் டெரஸ் வீடும் எழுந்தபோது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் காரையில் சேர்த்தார்கள். அந்தக் கடுக்காய் இன்றும் எங்கள் காட்டில் விளைகிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த கைகள்தான் குறைந்துவருகின்றன.

வேலையின் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்கள் பலருக்கு இதைக் கண்ணால் காணும் வாய்ப்பே அமைவதில்லை. சுண்ணாம்புக் கல்லைக் காளவாசலில் சுட்டு, நீரில் நீற்றி, சலித்துப் புளிக்கவிட வேண்டும். அதோடு மணலும் செங்கல் பொடியும் சேர்த்துச் செக்கில் அரைக்க வேண்டும். இடித்த கடுக்காயும் வெல்லமும் தனியே நாள்கணக்கில் ஊறும். வெல்லம் காரை சீக்கிரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து கலவைக்குப் பிடிப்பைத் தருகிறது. செங்கல் பொடி சேர்வதால் ஈரத்திலும் காரை கெட்டிப்படுகிறது. பொறியாளர் பென்னிகுயிக் 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையின் கட்டுமானத்தில் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த இந்தக் காரைதான் இருக்கிறது. வேலூர் விஐடி ஆய்வாளர்களும் இத்தகைய காரைகளைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். சிமெண்ட் உலை ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் எரிய வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரியளவு போதும். சுடும்போது வெளியேறிய கரிவளியில் ஒரு பகுதியைக் காரை இறுகும்போது திரும்ப உள்ளிழுத்துக்கொள்கிறது.

பழைய காரைச் சுவர் மீது சிமெண்ட் பூசுவதே இன்று நடக்கும் பெருங்கேடு. காரை, ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய நீர் உப்பைக் கிளப்பும், செங்கல் பொடியாக உதிரும், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். இரு பருவமழையும் நனைக்கும் கொல்லிமலையில் இந்தச் சேதம் விரைவாகவே தெரிந்துவிடுகிறது. தொன்மையான அறப்பளீஸ்வரர் கோயில் நிற்கும் மலை இது. இங்கே எந்தப் பழங்கட்டடத்திலும் காரை இருக்கும் இடத்தில் சிமெண்ட் ஏறக் கூடாது என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், தொன்மைச் சின்னங்களின் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கும்பகோணம் அருகே துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயில் திருப்பணிக்கு 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மரபு வேலைக்கு மதிப்புக் கூடும் இந்த நேரத்தில் எங்கள் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஆவணம். காரை அரைத்து, தளம் இடித்து, மெருகுப் பூச்சு போட்ட மூத்த கொத்தனார்களும் சித்தாள்களும் மாவட்டத்தில் எங்கிருந்தாலும் கண்டறிய வேண்டும். அவர்களின் கலவை அளவுகளையும் கைமுறையையும் தொல்லியல் துறை, பொதுப்பணித் துறை வழியாக ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். பதிவில் பெண் தொழிலாளர்களும் கட்டாயம் இடம்பெற வேண்டும். மெட்ராஸ் டெரஸ் தளத்தைக் கட்டையால் அடித்து இறுக்கியதில் அவர்களின் உழைப்பே பெரிது.

அடுத்தது பயிற்சி. மாவட்டத்தின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் காரை வேலைக்குக் குறுகிய காலப் பாடம் தொடங்கி, அந்த மூத்தவர்களையே உரிய ஊதியத்துடன் ஆசிரியர்களாக அமர்த்த வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணும் தோலும் வெந்துபோகும் ஆபத்து உண்டு. ஆகவே கண்ணாடியும் கையுறையும் மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். பயிற்சி முடித்தவர்களைக் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் காரைக் கொத்தனார் என்றே பதிய வேண்டும்.

கடுக்காய் விஷயத்தில் நாங்கள் கேட்பது சலுகை அன்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. ஆனால் சேகரிப்பவர் கையில் நிற்கும் விலை குறைவு. அறநிலையத் துறை, பொதுப்பணித் துறை திருப்பணிகளுக்குத் தேவையான கடுக்காயை, மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம் வழியாக, அரசு அறிவித்த ஆதரவு விலைக்குக் குறையாமல் எங்களிடமே வாங்க ஆணையிட வேண்டும். மரத்தை வெட்டாமல் காய் மட்டும் எடுப்பதற்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம்.

மேலும், மலையிலுள்ள பழங்கட்டடங்களைக் கணக்கெடுத்து, அவற்றின் பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களில் சுண்ணாம்புக் காரையைக் கட்டாயமாக்கவும், கணக்கெடுப்பு முடியும்வரை அவற்றில் சிமெண்ட் பூச்சை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறோம்.

இம்மனு மீது துறை அலுவலர்களுடன் சோளக்காட்டிலேயே ஒரு கூட்டம் நடத்தி, எடுக்கும் முடிவை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்: இந்து சமய அறநிலையத் துறை, பொதுப்பணித் துறை, தொல்லியல் துறை, வனத் துறை அலுவலர்கள்.