நமுனுகுலவின் வரலாற்றை யார் எழுதுவது?

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க நாள்தோறும் உல்லாசப் பயணிகள் வந்து குவிகின்றனர். பாலம் 1921இல் கட்டப்பட்டது, ரயில் 1924இல் பதுளையை எட்டியது என்று வழிகாட்டிகள் ஒப்புவிக்கின்றனர். எதிரே நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. அதன் சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பாட்டனும் பூட்டனும் எப்போது, எவ்வழியாக வந்தனர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஏடு இல்லை.

ஊவாவின் தோட்டங்களுக்கு எழுதப்பட்ட வரலாறு இல்லாமலில்லை. 1869இல் தோன்றிய இலை நோயால் கோப்பி அழிந்ததும் தேயிலை பரவியதும் நூல்களில் உண்டு. பெர்குசன் கையேடுகளைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர், துரை எல்லாம் கிடைக்கும். அப்புத்தளைக்கு மேலே தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்குக்கூடப் பெயர் உண்டு. காடு வெட்டியவனின் பெயர்தான் எங்குமில்லை.

பசறைப் பக்கத்து இளைஞர் வகுப்பொன்றில் வெவெஸ்ஸ தோட்டத்தைப் பற்றிக் கேட்டோம். இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பதுளைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தில் 1940 மே மாதத்தில், சமசமாஜக் கட்சியினர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையோடு கலந்தே நிர்வாகம் நடத்துவதாகத் துரை இணங்கினார். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். பின்னர் கடும் அடக்குமுறையும் வெள்ளமும் சேர்ந்து வேலைநிறுத்தத்தை முறித்தன. இந்நிகழ்ச்சி கட்சி வரலாறுகளில் சில வரிகளாக இடம்பெறுகிறது. அச்சபையில் இருந்த ஆண்களும் பெண்களும் யார்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே பிரட்டுக்களத்தில் நிற்கக்கூடும்.

இதைப் பழங்கதை என்று தள்ளுவோருக்கு 1948ஐ நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டச் சொன்னது. தோட்டத்துப் பிறப்புகள் பலவற்றுக்குப் பதிவே இருக்கவில்லை. வரலாறு கையில் இல்லாததற்கு நம் மக்கள் கொடுத்த விலை அது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் பாதிக்குப் பாதியெனத் தீர்க்கப்பட்டது. நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிவுக்கு வந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டபோதும், உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் நாட்கணக்காக ஒரு தொகை நிலைக்கவில்லை.

எம்மீதும் குற்றமுண்டு. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவாகுமுன்பே எழுதப்பட்ட ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் பங்கு மனைகளில் இருக்கின்றன. தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டத்தின் பெயர், சிலவற்றில் இந்தியாவில் எந்த ஊர் என்பதும்கூட. அவை இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவை; அலுமாரியில் பூட்டியிருப்பவை. கலியாணத்துக்குச் சான்றிதழ் கேட்டு வந்தாலன்றி நாம் அவற்றைத் திறப்பதில்லை. தோட்டக் காரியாலயங்களில் கிடந்த பழைய செக்ரோல் புத்தகங்களோ, நிர்வாகங்கள் மாறி மாறி வந்ததில் பெரும்பாலும் கறையானுக்குப் போயின.

ஆகவே பல்கலைக்கழகத்தார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கொப்பி கொடுத்துள்ளோம். லயத்திலுள்ள முதியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்: எந்தக் கங்காணியோடு வந்த குடும்பம், 1964க்குப் பின் யார் யார் கப்பலேறினார்கள், 1983இல் எங்கே ஒளிந்திருந்தார்கள், காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியது யார், சங்கம் முதலில் யார் வீட்டில் கூடியது. ஒரு பாட்டி, "இத எழுதி வச்சா காணிக்கு உறுதி குடுப்பாங்களா சாமி?" என்று கேட்டார். கொடுக்க மாட்டார்கள் என்றே சொன்னோம்; ஆனால் உறுதி கேட்கப் போகும் நாளில் எத்தனை தலைமுறை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டுமே என்றோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, தம் மாமியாரின் பெயரிலிருந்து தொடங்கினார்.

இதுவரை பதினொரு கொப்பிகள் திரும்பி வந்துள்ளன. அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் தீரவில்லை. லயத்துக் கூரை ஒழுகும். பங்கு மனையில் வைத்தால் மறுபடியும் எமது அலுமாரிக்குள் போய்விடும்.