நின்றுபோன அப்டேட்டும் நமது கடன் கொப்பியும்

2023 ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை. மாதக் கடைசி. கடையை அரைவாசி மூடிவிட்டு ஜும்ஆவுக்குப் புறப்படும் நேரம். பல நாட்களாகக் கணனித் திரையின் மூலையில் வந்து தொந்தரவு செய்துகொண்டிருந்த அந்த அறிவித்தலைக் காசாளர் தம்பி அழுத்திவிட்டார். "நானா, நாம தொழுதிட்டு வாறதுக்குள்ள அப்டேட் முடிஞ்சிரும்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து பார்த்தோம். திரையில் 27 வீதம். இரண்டு மணிக்கும் 27 வீதம்தான். கணனியை அணைக்க வேண்டாம் என்ற வாசகத்துக்கு மேல் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. எங்களுடையது ஹாட்வெயார் கடை. மாதக் கடைசி வெள்ளியென்றால் மேசன் பாஸ்மாரும் சிறு ஒப்பந்தக்காரர்களும் கணக்கு முடிக்க வருவார்கள். நான்கைந்து பேர் பில் கேட்டு நின்றார்கள். இரண்டேகால் மணிக்கு நான் பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியது நான்தான், தம்பியல்ல.

அதன் பிறகு கணனி எழும்பவில்லை. திருத்தும் இடமொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாள் மாலை வாங்கும்போது, வாங்கிய முதல் நாள் போலப் புத்தம் புதிதாக இருந்தது. ஏனென்றால் உள்ளே ஒன்றுமில்லை. "போர்மட்" பண்ணிவிட்டார்கள். பில் போடும் புரோகிராமும், அதனுள் இருந்த இருப்புக் கணக்கும், கடன் கணக்கும், வாடிக்கையாளர் தந்த முற்பணக் கணக்கும் போய்விட்டன. எங்களிடம் எஞ்சியிருந்தது 38 நாட்களுக்கு முன்னர் பென் டிரைவில் எடுத்த ஒரு பெக்கப் மட்டும்.

இதைச் சொன்னால் நண்பர்களில் பெரும்பாலானோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "விண்டோஸ் அப்டேட்டை நிப்பாட்டி வைங்க, ஒரு கரைச்சலும் வராது." எனது கருத்து இதற்கு நேர்மாறானது. எங்கள் கணக்கை அழித்தது அப்டேட் அல்ல. எனது அவசரமும், அதன்பின் நடந்த போர்மட்டும், எல்லாவற்றுக்கும் முன்பாகக் கடையின் முழுக் கணக்கையும் பிரதியின்றி ஒரே பெட்டிக்குள் வைத்திருந்த எங்களது அலட்சியமுமே அழித்தன.

அப்டேட் நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். கணனி தன்னை இயக்கும் கோப்புகளையே கழற்றிப் புதியவற்றைப் பூட்டிக்கொள்கிறது. லொறியின் எஞ்சினைப் பாதி கழற்றி வைத்திருக்கும்போது பாஸின் கையிலிருந்து சாவியைப் பறித்தால் எப்படியோ, அப்படித்தான் பிளக்கைப் பிடுங்குவதும். திரையில் தெரியும் வீதக் கணக்கு நேர்கோட்டில் போவதுமில்லை. ஓரிடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுச் சடுதியாகப் பாய்ந்து முடிந்துவிடும். பழைய, சுழலும் வகை ஹாட் டிஸ்க் உள்ள கணனியில் பெரிய அப்டேட் ஒன்றுக்குச் சில மணித்தியாலங்கள் எடுப்பது சாதாரணம். எங்களுடையது அந்த வகைதான். ஆகவே அன்று அது நின்றுபோயிருந்ததா, மெதுவாக ஓடிக்கொண்டிருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதை அறிய ஓரளவுக்கு வழி உண்டு. பெட்டியின் முன்பக்கத்தில் ஹாட் டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் சிறிய விளக்கு இருக்கும். அது விட்டுவிட்டு மின்னினால் வேலை நடக்கிறது என்று கொள்ளலாம், விட்டுவிடுங்கள். மணித்தியாலக் கணக்கில் விளக்கும் மின்னவில்லை, வீதமும் நகரவில்லை என்றால்தான் அது நின்றுவிட்டது என்று எண்ண இடமுண்டு. அப்போதும் சுவர் பிளக்கில் கை வைக்காமல், பவர் பொத்தானைப் பத்து விநாடிகள் அளவில் அழுத்திப் பிடித்து அணைத்து, பிரின்டர், பார்கோட் கருவி, பென் டிரைவ் என்று வெளியே மாட்டியுள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் விண்டோஸ் தானாகவே மாற்றங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்கும் நேரம் எடுக்கும். அந்த நேரத்திலும் மீண்டும் அணைப்பது பெரும் பிழை. சிலமுறை தொடர்ந்து எழும்பத் தவறினால் திருத்தும் திரை ஒன்று தானாக வரும். அதில் "டிரபிள்ஷூட்" என்பதற்குள் போனால் கடைசியாக ஏற்றிய அப்டேட்டை மட்டும் கழற்றும் வசதி உண்டு. இதற்குக் கணனிப் பொறியியலாளர் தேவையில்லை.

இவை எதுவும் பலிக்கவில்லையென்றால் திருத்துபவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுக்கும்போது ஒரு வசனத்தைச் சொல்லியே கொடுக்க வேண்டும்: "முதலில் டேட்டாவை எடுத்துத் தாருங்கள், பிறகு திருத்துங்கள்." விண்டோஸ் எழும்பாவிட்டாலும் ஹாட் டிஸ்க்கில் உள்ள கணக்குப் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணனியில் மாட்டிப் பிரதி எடுக்கலாம். அரை நாள் வேலை. போர்மட் பண்ணுவது அதைவிடச் சுலபம் என்பதால் திருத்துபவர்கள் பலரும் அதற்கே போகிறார்கள். அவர்களை முழுமையாகக் குறை சொல்லவும் முடியாது. எங்களுக்குத் திருத்தியவருக்கு அதற்குள் ஒரு கடையின் கடன் கணக்கு இருப்பது தெரியாது, நானும் சொல்லவில்லை. துணியால் உறையிட்ட கடன் கொப்பியை வாப்பா காலத்தில் யாரும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார்கள். கணனி என்றவுடன் நாம் போய்விடுகிறோம்.

இனி, அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தி வைக்கும் "வைத்தியம்". 2017 மே 12 இல் வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் உலகெங்கும் பரவியது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளும் பாதிக்கப்பட்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 ஆம் திகதியே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. போட்டவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. பிற்போட்டவர்கள் அகப்பட்டார்கள். பில் போடும் அதே கணனியில் வங்கிக் கணக்கையும் பார்க்கும் வர்த்தகர் அப்டேட்டை நிறுத்துவது, கதவு இறுகுகிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதாகும்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 இன் பெரிய அப்டேட் சிலரது கோப்புகளை அழித்துவிட்டதால் மைக்ரோசொப்ட் அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. 2024 ஜூலை 19 இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று, மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணனிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன. ஆகவே வந்த அன்றே போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மைக்ரோசொப்ட்டின் மாதாந்த அப்டேட் அமெரிக்க நேரப்படி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு. அமைப்புப் பகுதியில் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்கும் வசதி உண்டு. நிறுத்திவைத்து, பெரிய பிழைகள் ஏதும் செய்தியாக வரவில்லையென்றால், மறுநாள் கடை விடுமுறையாக உள்ள ஓர் இரவில், பெக்கப் எடுத்துவிட்டுப் போடுங்கள். ஜும்ஆ இடைவேளையில் போடாதீர்கள். மாதக் கடைசியிலும், நோன்பின் கடைசிப் பத்தில் துணிக்கடைக்காரர்கள் ஸஹர் வரை பில் போடும் நாட்களிலும் போடவே வேண்டாம்.

போடுவதற்கு முன் "சி" டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் நடுவில் நிற்பதற்குப் பொதுவான காரணங்களில் ஒன்று இடமின்மை. எங்கள் கணனியில் இடத்தை அடைத்திருந்தது கணக்கு அல்ல. டைல்ஸ் கம்பனிக்காரர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும், யாரோ பார்த்துவிட்டு அழிக்காத இரண்டு கல்யாண வீடியோக்களும்.

மின்சாரத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் குரங்கொன்று பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்னார். யூ.பி.எஸ். வைத்திருப்பது நல்லது. ஆனால் கடைகளில் வைக்கும் சிறிய யூ.பி.எஸ். தருவது சில நிமிடங்கள். அது பில்லை முடித்துக் கணனியை ஒழுங்காக அணைக்கப் போதும். அப்டேட்டை முடிக்கப் போதாது.

இன்னொன்றை எழுதினால் சிலருக்குக் கசக்கும். நமது கடைகளில் ஓடும் விண்டோஸில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை? களவுப் பிரதியை ஏற்றித் தருபவர்கள் அதை ஓடவைக்க ஒரு குட்டிப் புரோகிராமைப் போடுகிறார்கள். அது விண்டோஸின் உள்கோப்புகளைத் தொட்டுவிடலாம். வைரஸ் காவலையும் அணைக்கச் சொல்லும். பின்னர் அப்டேட் வந்து அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் யாரைக் குறை சொல்வது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணனிப் புரோகிராம்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. சட்டத்தை விட்டாலும், 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஆக்க உரிமைகளும் கண்டுபிடிப்பு உரிமைகளும் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. தராசில் ஒரு கிராம் குறைந்தால் பதறும் நாம் இதில் மட்டும் ஏன் இலேசாக இருக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் 2023 வரை அப்படித்தான் இருந்தேன்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதற்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 க்கு மாறும்போது புதிய பொறி ஒன்றுண்டு. பல புதிய கணனிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சில வேளை ஓர் அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்டு நிற்கும். 2024 ஜூலை அப்டேட்டின் பின் அப்படி நடந்ததை மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொண்டது. அந்த எண் பொதுவாக, கணனியை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். அமைத்துத் தந்த தம்பி தனது சொந்த ஈமெயிலைக் கொடுத்திருந்தால், உங்கள் கடையின் சாவி அவரிடம் இருக்கிறது. அவர் மத்திய கிழக்குக்குப் போய்விட்டால்? இன்றே அந்த எண்ணை எடுத்துக் கடதாசியில் எழுதி வீட்டு அலுமாரியில் வையுங்கள்.

பெக்கப் என்பதும் மேசை லாச்சிக்குள் கிடக்கும் பென் டிரைவ் அல்ல. பிங்கா ஓயா பெருக்கெடுத்தால் அக்குறணை நகரில் கணனியும் லாச்சியும் ஒன்றாகவே நனையும். 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் கடைகள் எரிந்ததைப் பார்த்த சமூகம் நாம். பிரதியொன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும். எங்கள் கடையில் இப்போது ஒவ்வொரு இரவும் பில் புரோகிராமிலுள்ள பெக்கப் பொத்தானை அழுத்தித்தான் கணக்கு மூடுகிறோம். புரோகிராம் திறந்திருக்கும்போது கோப்பை இழுத்துப் பிரதி எடுத்தால் அது திறக்காமல் போகலாம். இரண்டு டிரைவ்கள், நாள் மாறி நாள். ஒன்று எப்போதும் என்னோடு வீட்டுக்கு வரும். மாதம் ஒரு தடவை மடிக்கணனியில் அதைத் திறந்து பார்க்கிறோம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282 ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுத்தோடு சாட்சியையும் அது கேட்கிறது. பெக்கப்பை நான் அந்தச் சாட்சியாகப் பார்க்கிறேன். இது மார்க்கத் தீர்ப்பல்ல, ஒரு வியாபாரியின் எண்ணம்.

அந்த 38 நாள் கணக்கைச் சேர்க்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. பாஸ்மாரில் அநேகர் தாமாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். சிங்களச் சகோதரர் ஒருவர் நாங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகவே சொன்னார். தனது கொப்பியையும் காட்டினார். சிலர் வரவில்லை. அதைவிட என்னை வருத்தியது முற்பணம் தந்தவர்களின் கணக்குத்தான். அது நமது காசல்ல, அமானிதம். கூரைத் தகடுக்கு முற்பணம் கொடுத்த ஒருவர் பற்றுச்சீட்டைத் தொலைத்திருந்தார். 25,000 ரூபா என்றார். தகட்டைக் கொடுக்கும்போது அந்தத் தொகையையே கழித்துக்கொண்டேன். காசாளர் தம்பிக்கு 15,000 என்றுதான் இன்னமும் ஞாபகம்.