பறக்காத பயணத்துக்கு வரி எதற்கு?



விமானத்தில் பிசினஸ் வகுப்பு டிக்கெட் என்றாலே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்தால் பணம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அதே வகுப்பிலும் சலுகைக் கட்டணத்தில் வாங்கினால் அடிப்படைக் கட்டணம் முழுவதுமே போகலாம். குறைந்த விலைக்கு அதுதான் ஈடு என்று நிறுவனங்கள் சொல்வது நியாயமே. அந்த நியாயம் வரிக்குச் செல்லாது. பணம் திரும்பாத டிக்கெட்டானாலும் சட்டப்படியான வரிகளையும் விமான நிலையப் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. முகவரிடம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. செஞ்சிப் பக்கத்தில் முகவரை நம்பி வாங்குவோர் இதை நினைவில் வைக்கவேண்டும். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை டிக்கெட்டிலேயே தமிழில் அச்சிட இயக்குநரகம் உத்தரவிட வேண்டும்.

— ஒரு வாசகர், சிங்கவரம், செஞ்சி வட்டம்